கொடாததைக் கொள்ளாமையும் கணினிக் கல்வியும்

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்திருப்பதையும், நிஃப்ட்-டீ பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி அங்கே இயங்கி வருவதையும் அவ்வழி சென்றுவரும் நம் அன்பர்கள் அறிவார்கள். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரங்களிலிருந்து தொழில் நிமித்தம் கொங்கு நாட்டுக்கு வந்து தங்கிய நம் குடும்பங்களுள் சில இத்தொழிலைச் சார்ந்தே வாழ்கின்றன. ஒருவர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மற்றொருவர் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். இன்னொருவர் நாலைந்து மெஷின்களோடு பவர் டேபிள் நடத்தி ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறார். இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியபோது, முதலிபாளையத்துப் பிள்ளைகளுக்கும் இளந்தொழிலாளர்களுக்கும் கட்டணமின்றிக் கணினி கற்பிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. நாமும் உடன் இருந்தோம்.

எண்ணம் எழுந்த கால் மணி நேரத்திற்குள்ளாகவே ஒரு தருக்கமும் எழுந்துவிட்டது. இடம் பற்றியோ ஆசிரியர் பற்றியோ அன்று. எந்த மென்பொருளைக் கொண்டு கற்பிப்பது என்பது பற்றி. பெரியவர் ஒருவர், "இதில் என்ன யோசனை? கம்பெனிகளில் எது ஓடுகிறதோ அதையே ஏற்றிக்கொள்வோம். நூறு ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் போட்டுத் தருகிற பையன் இருக்கிறான்" என்றார். கல்லூரியில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர், "ஐயா, அது விலை கொடுத்து வாங்காத பிரதி அல்லவா? நம்மில் கள்ளாமை விரதம் ஏற்றவர்கள் இருக்கிறோமே" என்று பணிவாகக் கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒருங்கே பேசினார்கள்.

அன்று பேசப்பட்டவற்றை அவ்வாறே எழுதுவது நம் நோக்கமன்று. ஆயினும் அக்கேள்வி முதலிபாளையத்தோடு நிற்பதன்று. கணினி உள்ள நம் இல்லம் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. ஆகவே இப்பக்கங்களில் அதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

பெரியவர் தரப்பில் சொல்லப்பட்ட வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவன் மாட்டை இன்னொருவன் ஓட்டிச் சென்றால் முன்னவனுக்கு மாடு இல்லாமற் போகிறது. மென்பொருளைப் பிரதி எடுத்தாலோ மூலம் உரியவரிடம் குறையாமல் இருக்கிறது. விளக்கில் விளக்கு ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லையே! அயல்நாட்டுப் பெருநிறுவனத்திற்கு முதலிபாளையத்து மாணவன் ஒருவனால் என்ன நட்டம்? அவன் எப்படியும் அதனை விலைக்கு வாங்கப் போவதில்லை. இவ்வாறு அவர் கூறியபோது தலையசைத்தவர்கள் பலர்.

நம் ஆகம மரபு களவை எவ்வாறு வரையறுக்கிறது என்பதை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். பிறர்க்கு இழப்பு உண்டாக்குதல் என்று அது தொடங்கவில்லை. கொடாததைக் கொள்ளுதல் என்பதே அதன் இலக்கணம். தத்துவார்த்த சூத்திரம் களவை வரையறுக்கும் முறை அதுதான். இல்லறத்தார்க்கு ஒழுக்கம் கூறும் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழி வந்த நம் அருங்கலச்செப்பும், வைத்த பொருள், வீழ்ந்த பொருள், மறந்த பொருள் என்று எதுவாயினும் உரியவர் தாராதபோது எடுத்தல் ஆகாது என்னும் கருத்திலேயே நிற்கின்றன. வழியில் வீழ்ந்து கிடக்கும் காசை எடுப்பதால் அதை இழந்தவனுக்குப் புதிதாக ஓர் இழப்பு நேர்வதில்லை. அவன் அதை முன்பே இழந்துவிட்டான். ஆயினும் விரதம் ஏற்றவன் அதைத் தொடுவதில்லை. ஏனெனில் கேள்வி அவனுக்கு என்ன குறைந்தது என்பதன்று. எனக்கு இது தரப்பட்டதா என்பதே.

இந்த ஒரு நுணுக்கத்தை மனத்திற் கொண்டால் மாடும் விளக்கும் பற்றிய வாதம் தானே அடங்கிவிடுகிறது. உரியவர் விலை வைத்து, நிபந்தனை வைத்து, இன்ன வகையில்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறார். அந்நிபந்தனை நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அறிவுக்கு இத்தனை வேலி எதற்கு என்று நாம் கேட்கலாம். அதற்காகத் தராததைத் தந்ததாகக் கொள்ள இயலாது.

அசௌரிய அணுவிரதத்திற்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். களவு செய்யத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசு நெறியைக் கடத்தல், அளவையில் ஏற்றத்தாழ்வு செய்தல், போலியைக் கலத்தல் என்பன அவை. நூறு ரூபாய்ப் பையனிடம் செல்லும்போது இவற்றுள் முதல் மூன்றையும் ஒரே நடையில் முடித்துவிடுகிறோம். அரசு நெறி என்றது வெறும் சொல்லன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் 63பி என்னும் பிரிவைச் சேர்த்தது. உரிமை மீறிய பிரதி என்று அறிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் அது விதிக்கிறது. வணிகத்திற்கு அல்லாமல் பயன்படுத்தியவர்க்குச் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்திற்கு இடம் உண்டு. பனியன் கம்பெனி அலுவலகம் அந்தச் சலுகையை நாடுவது அரிது.

இனி, செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்றையும் நம் ஆசாரியர்கள் வினை வரும் வாயில்களாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் பலரை வாட்டியது இதுவே என்று நினைக்கிறோம். பிரதியை ஏற்றுபவன் செய்கிறான். ஏற்றச் சொன்ன முதலாளி செய்விக்கிறார். அந்தக் கணினியில் விலைப்பட்டியல் அடித்து அனுப்பிவிட்டு வாய் திறவாமல் வீடு திரும்பும் நாம் உடன்படுகிறோம். நம் அன்பர்களுள் ஒருவர், தம் அலுவலகத்தில் உள்ள ஆறு கணினிகளில் ஒன்றில்கூட உரிமம் பெற்ற மென்பொருள் இல்லை என்பதைத் தாமே எழுந்து சொன்னார். பருவ நாட்களில் உண்ணா நோன்பு இருப்பவர் அவர். எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். அவர் அதைச் சொன்ன விதம் எங்களைத் தலைகுனியச் செய்தது. ஏனெனில் எங்களுள் பலர் சொல்லாமல் இருந்தோம்.

கொங்கு நாட்டிற்கும் நமக்கும் உள்ள தொடர்பு பனியனோடு தொடங்கியதன்று. பெருங்கதை செய்த கொங்குவேளிர் விசயமங்கலத்தவர். அவ்வூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் இன்றும் உள்ளது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் சனகாபுரம், பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பர். அப்பவணந்தியார் தம் நூலின் முகப்பில் இலக்கணத்தைத் தொடங்குவதற்கு முன்பே, ஆசிரியன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும், எவ்வாறு பாடம் சொல்லுதல் வேண்டும், மாணாக்கர் எத்தகையர் என்பவற்றைப் பேசுகிறார். பாடம் சொல்லத் தகாதவர் என அவர் அடுக்கும் வரிசையில் கள்வனும் இருக்கிறான். (அவ்வரிசையில் ஏழையும் வருகிறான். அங்கே ஏழை என்பது அறிவில்லாதவனைக் குறிக்குமே அன்றிப் பொருள் இல்லாதவனை அன்று; இதைத் தவறாகப் படித்துவிட்டு முனிவரைக் குறை சொன்னவரை நாம் கண்டிருக்கிறோம்.) கள்வனுக்குப் பாடம் சொல்லலாகாது என்றவரின் நாட்டில், முதல் வகுப்பிலேயே மாணவனைக் களவுப் பொருளின் முன் அமர வைத்துப் பாடம் சொல்லுவது பொருந்துமா?

இந்த இடத்தில்தான் அக்கல்லூரிப் பிள்ளை கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லைக் கூட்டத்தில் வைத்தார். பலருக்கு அது புதிது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் எதற்காகவும் இயக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படித்து மாற்றிக்கொள்ளலாம், பிரதி எடுத்துப் பிறர்க்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம் என்ற நான்கு உரிமைகளும் உடைய மென்பொருள்களை உருவாக்குவது அதன் நோக்கம். 1989-இல் அதற்கென ஒரு பொது உரிமத்தை வெளியிட்டார்கள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்சு கருநிரல், அடுத்த ஆண்டில் அதே உரிமத்தின் கீழ் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் இலவசம் என்றும் சுதந்திரம் என்றும் இருபொருள் படுவதால் அந்நாட்டார் இன்றளவும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டற்ற என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அத்தொல்லை இல்லை. கட்டு, வீடு என்னும் சொற்களைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அது கூடுதலாகவே விளங்கும்.

நமக்கு முக்கியமானது இது: இம்மென்பொருள் தரப்பட்டது. எழுத்து மூலம், உரியவராலேயே, எல்லார்க்கும் தரப்பட்டது. பிரதி எடுப்பவன் கொடுத்ததைக் கொள்கிறான். அவ்வுரிமத்தில் நிபந்தனையும் ஒன்று உண்டு. மாற்றியோ மாற்றாமலோ பிறர்க்கு வழங்குபவன், தான் பெற்ற உரிமைகளைக் குறைக்காமல் வழங்க வேண்டும். பெற்றபோது திறந்திருந்த கதவைத் தருகிறபோது சாத்தக் கூடாது.

சாத்திர தானம் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்து ஆயிரம் பிரதிகள்! பொன்னூர் மலைக்குச் சென்று வழிபடும் நாம் குந்தகுந்தாசாரியரின் முற்பிறவிக் கதையையும் அறிவோம். கானகம் தீப்பற்றி எரிந்தபோது சில மரங்கள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கண்ட இடையன் ஒருவன், அங்கே இருந்த ஆகம ஏடுகளை எடுத்துக் காத்து ஒரு முனிவர்க்கு அளித்தான். அப்புண்ணியமே அவனை ஆசாரியராக்கிற்று என்பது கதை. அவன் அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்தவன் அல்லன். கற்றவர்களால்தான் கல்வி தானம் செய்ய முடியும் என்று கூட்டத்தில் தயங்கியவர்களுக்கு அந்த இடையனை நினைவூட்டினோம்.

ஆனால் எல்லாக் காலத்திலும் நாம் ஏடுகளைத் திறந்தே வைத்திருந்தோம் என்று பெருமை பேசிவிடலாகாது. திகம்பர மரபின் தலையாய நூலாகிய சட்கண்டாகமமும் அதன் தவளா உரையும் மூடபித்திரியில் மட்டுமே ஓலைச்சுவடிகளாக எஞ்சியிருந்தன. அவை நெடுங்காலம் வணங்குதற்குரியனவாக இருந்தனவே அன்றி வாசிப்பதற்குரியனவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருமுயற்சிக்குப் பின் பிரதி எடுக்க இசைவு கிடைத்தது. பிரதியை வெளியே அனுப்ப இசைவு இல்லை. பிரதி எடுத்தவர்களுள் ஒருவர் காப்பாளர் அறியாமல் மற்றொரு பிரதியும் எடுத்து வெளியே கொண்டு சென்றார். அதன் வழி வந்த பிரதிகளைக் கொண்டே ஹீராலால் ஜைன் 1939 முதல் 16 தொகுதிகளாக அதனைப் பதிப்பித்தார். பின்னாளில் மூடபித்திரியாரே மூல ஏடுகளோடு ஒப்பு நோக்கிக் கொள்ள உதவினர்.

இது கொடாததைக் கொண்டது அல்லவா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கொடாததைக் கொண்டதுதான். அதன் பயனை நாம் அனைவரும் நுகர்கிறோம் என்பதும் உண்மைதான். பயன் பெரிது என்பதால் செயல் தூயதாகிவிடும் என்று நாம் சொல்லத் துணியவில்லை. அந்த அன்பரைப் பழிக்கவும் நாவு எழவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரே ஒரு பிரதியாக அழியும் நிலையில் இருந்த ஆகமத்தின் முன் நின்றவர்க்கு வேறு வழி இல்லை. விளம்பரப் படம் வரையும் மென்பொருளின் முன் நிற்கும் நமக்கு வேறு வழி இருக்கிறது. வழி இருக்கும்போது இடர்க்காலத்து நியாயத்தை எடுத்துப் பேசுவது நேர்மையாகாது.

அடுத்து எழுந்த கேள்வி, நம் பிள்ளைகளுக்கு மட்டுமா, எல்லார்க்குமா என்பது. நம் சமுதாயம் சிறியது, நம் பிள்ளைகளே பின்தங்கியிருக்கும்போது ஊருக்கு எதற்கு என்று வாதிட்டவர்களின் கவலை பொய்யன்று. அவர்களுக்கு உ.வே.சாமிநாதையரை நினைவூட்டுகிறோம். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயர், நம் சமயக் கருத்துகள் விளங்காமல் திகைத்தபோது கும்பகோணத்துச் சைனர் இல்லம் ஒன்றிற்குச் சென்றார். சிந்தாமணியைப் பாராயணம் செய்து நிறைவு விழா எடுக்கும் மரபு அங்கே உயிரோடு இருந்தது. வந்தவர் சைவர், பிற சமயத்தவர் என்று பாராமல் சந்திரநாத செட்டியார் முதலியோர் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அவர்கள் வீட்டுக் கதவு அன்று சாத்தப்பட்டிருந்தால் யாருக்கு இழப்பு? முதலிபாளையம் வகுப்பில் ஓவர்லாக் மெஷினில் இருந்து எழுந்து வரும் பெண்ணும் அமரட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து செக்கிங் டேபிளில் நிற்கும் பையனும் அமரட்டும் என்பதே நம் கருத்து. இதில் எல்லாரும் உடன்பட்டதாகச் சொல்வதற்கில்லை.

இம்முயற்சியில் நாம் முன்னோடிகள் அல்லர். கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் காலப்போக்கில் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின் மீதே நிறுத்தியது. 2017-இல் அது கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. தமிழில் கணியம் என்னும் மின்னிதழ் 2012 ஜனவரி முதல் இத்துறைச் செய்திகளை எளிய நடையில் தந்து, பாடநூல்களையும் எவரும் பகிரத்தக்க உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. மேல்சித்தாமூர் மடம் அமைந்துள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரம் குனு லினக்சு பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறார்கள். நம் பூர்விக ஊர்களுக்கு அருகிலேயே நடக்கும் இதனை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? தமிழக அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. திறக்கச் சொல்ல நமக்கும் தெரியவில்லை.

தொழில் தெரிந்தவர்கள் வைத்த தடையே எல்லாவற்றினும் வலியது. "நேர்காணலில் கோரல் டிரா தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இங்க்ஸ்கேப் தெரியும் என்று சொல்லும் பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள். நம் மனச்சாட்சிக்காக அவன் பிழைப்பைக் கெடுப்பதா?" என்று மெர்ச்சண்டைசர் அன்பர் கேட்டார். இதற்கு முழு விடை எங்களிடம் இல்லை. ஒரு பகுதி விடை உண்டு. டி-ஷர்ட்டின் மார்புச் சுற்றளவு அளவுக்கு அளவு எவ்வாறு கூடுகிறது, தையலுக்கு எவ்வளவு விட வேண்டும், ஜி.எஸ்.எம். மாறினால் ஒரு டசனுக்கு எத்தனை கிலோ துணி பிடிக்கும், வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் என்பவற்றை அறிந்தவனுக்கு மென்பொருள் கருவி மட்டுமே. பேட்டர்ன் வரைய சீம்லி2டி, எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்டிச், பிரிண்ட் டிசைனுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப், காஸ்டிங் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் என்று இன்று கட்டற்றவை இருக்கின்றன. இவற்றில் கை பழகியவன் மற்றதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வான். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் உள்ள கம்பெனியில் அவன் அதைக் கற்றுக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. விற்பனை செய்யும் மென்பொருள் தீயது என்பது நம் கருத்தன்று. உழைத்தவன் விலை கேட்பது அறமே. சிறிய கம்பெனிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: விலைப்பட்டியலுக்கும் கடிதத்திற்கும் மட்டும் கணினி வைத்திருப்பவர், கட்டற்றவற்றுக்கு மாறுவதால் இழப்பது பழக்கத்தை மட்டுமே.

கணினிகள் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாத கணினிகள் பல அலுவலகங்களில் மூலைக்குச் செல்கின்றன. அவற்றில் எளிய லினக்சு ஒன்றை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஓடும். மூலையில் கிடப்பதைச் சேர்த்து வைத்திருப்பதும் மிகுபொருளே. தருபவர்கள் தங்கள் கணக்கு விவரங்களை முழுவதும் அழித்துவிட்டுத் தர வேண்டுகிறோம்.

நேரம் பற்றிய சிக்கல் நமக்கே உரியது. கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு முடிந்து பிள்ளைகள் வெளியே வர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. கற்பிக்க முன்வந்த நம்மவர்களோ பொழுது சாய்வதற்குள் உணவை முடிப்பவர்கள். ஞாயிறு முற்பகல் ஒரு வகுப்பும், வாரநாளில் ஓர் இரவு வகுப்பும் என்று முடிவாயிற்று. இரவு வகுப்புக்குச் செல்பவர் மாலையிலேயே உண்டுவிட்டு வருவார். மாணவர்களுக்கு மட்டும் தேநீர் உண்டு. இதைக் கேட்டு இரு அம்மையார்கள் சிரித்தார்கள். ஆனால் தமிழ்99 விசைப்பலகை கற்பிக்க முதலில் பெயர் கொடுத்தவர்களும் அவர்களே. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஆறு கணினிகள் பற்றி எழுந்து சொன்ன அன்பர் மறு வாரம் எங்களிடம் வந்தார். நான்கில் லினக்சு ஏற்றிவிட்டதாகவும், வாங்குவோரின் டிசைன் கோப்புகளைத் திறக்க வேண்டிய இரண்டிற்கு உரிமம் வாங்க முதலாளியிடம் கேட்டிருப்பதாகவும் கூறினார். முதலாளி இன்னும் விடை சொல்லவில்லையாம். அதே வேளையில் அக்கல்லூரிப் பிள்ளையும் ஒரு கேள்வியோடு வந்திருந்தார். படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே, உரிமம் இல்லாத பிரதியை ஏற்று என்று மேலாளர் சொன்னால் தாம் என்ன செய்வது என்பதே அது. செய்விப்பவர் அவர்தான் என்று சொல்லித் தப்பலாமா என்றும் கேட்டார். தப்ப முடியாது, தம்பி, செய்தலும் ஒரு வாயில்தான் என்றோம். அப்படியானால் வேலையை விட்டுவிடுவதா என்றார். அவருடைய தந்தையார் உடன் இருந்தார். கடன் வாங்கிப் படிக்க வைத்தவர் அவர். நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. முதலில் கட்டற்ற மென்பொருளில் அந்த வேலையைச் செய்து காட்டு, பிறகும் வற்புறுத்தினால் எங்களிடம் வா, நாங்களே உன் மேலாளரைப் பார்த்துப் பேசுகிறோம் என்று தந்தையார் முன்னிலையில் வாக்குக் கொடுத்தோம்.